இடப்பக்கக் கதிரை

வீரையா லொறியின் இடப்பக்கக் கதிரைக்கு வந்தது ஐம்பத்திரண்டாவது வயதில். அதுவரை அவருடைய இடம் வலப்பக்கம்தான். மணல் லொறி, நெல்லு லொறி என்று ஆட்களின் வாகனங்களை ஓடி, கடைசியில் சொந்தமாக ஒரு பட்டா வாங்கினார். பின்பக்கம் திறந்த தட்டுள்ள சின்ன லொறியை எங்கள் பக்கத்தில் பட்டா என்போம். அதில் கதிரைகளையும் மேசைகளையும் பந்தல் தகரங்களையும் ஏற்றிக்கொண்டு போய் கலியாண வீடு, சாமத்திய வீடு, செத்தவீடு என்று இறக்கிவிட்டு, காரியம் முடியத் திரும்ப ஏற்றிக்கொண்டு வருவதுதான் தொழில். வட்டக்கச்சியில் வீட்டு வளவுக்குள்ளேயே ஒரு கொட்டில் போட்டு எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருந்தார்.

அவருடைய அப்பா பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வன்னிக்கு வந்தவர். அப்போது வீரையா சின்னப் பிள்ளை. பிறகு வன்னியின் ஒவ்வொரு ஒழுங்கையும் அவருக்குப் பழகிப்போனது. எந்தக் குளத்துக் கட்டில் பாரம் ஏற்றிக்கொண்டு போகலாம், எந்த மணல் வழியில் மாரியில் சில்லுப் புதையும், எல்லாம் தெரியும். வழி கேட்டு வண்டியை நிறுத்தும் பழக்கமே அவரிடம் இருக்கவில்லை.

கண் போனது மெதுவாகத்தான். முதலில் எதிரே வரும் வாகனத்தின் வெளிச்சத்தைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தெரிந்தது. பிறகு இரண்டு பக்கங்களிலும் இருப்பவை மறைந்தன. நேரே பார்த்தால் றோட்டு தெரியும். கரையில் நின்ற மதகுக் கட்டை தெரியாது. ஒரு நாள் அந்தக் கட்டையில் இடப்பக்கக் கண்ணாடியைக் கொண்டுபோய் அடித்தார். கிளினிக்கில் பார்த்த டொக்டர், கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு பட்டுப்போய்விட்டது, போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றப் பார்ப்போம் என்றார். துளி மருந்தும் விட்டார்கள், சத்திரசிகிச்சையும் செய்தார்கள். மிச்சமும் இரண்டு வருசத்துக்குள் போய்விட்டது. வெயிலில் நிற்கிறாரா நிழலில் நிற்கிறாரா என்பது மட்டும் இன்னும் தெரியும்.

சம்பளத்துக்கு றைவர்மாரைப் பிடித்துப் பார்த்தார்கள். ஒருவர் கட்டாருக்குப் போய்விட்டார். மற்றவர் நேரத்துக்கு வரமாட்டார். செத்தவீட்டுக்குக் கதிரை பிந்தி வந்தால் சனம் மன்னிக்காது.

ஒரு நாள் சோற்றைப் போட்டுக் கொடுத்துவிட்டு மனைவி கமலாட்சி சொன்னார்:

"இஞ்சேருங்கோ, நான் ஓடுறன்."

"என்னத்தை?"

"பட்டாவை. வயலுக்கை உழவுக்கு லான்ட்மாஸ்டர் ஓடுறனான்தானே. இதுக்கு என்ன, கூட ரெண்டு சில்லு."

வீரையா சிரிக்கவில்லை. அடுத்த நாள் காலையில், கிளிநொச்சியில் லொறி பழக்குகிற இடத்துக்கு எத்தனை மணிக்குப் போகவேண்டும் என்று மட்டும் கேட்டார். கமலாட்சி போனார். லொறி பழக வந்தவர்களில் அவர் ஒருவர்தான் பெண். இரண்டாம் முறை சோதனைக்குப் போனபோது லைசன்ஸ் கிடைத்தது.

அதோடு எல்லாம் சரிவரும் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். கமலாட்சிக்கு ஓடத் தெரியும், வீரையாவுக்கு வழி தெரியும், பிறகென்ன?

முதல் ஓட்டம் அக்கராயன் பக்கத்தில், ஒரு பெண்பிள்ளை பெரியவளானதற்கான சாமத்திய வீடு. சந்தி கடந்து கொஞ்சத் தூரம் போனதும் வீரையாவுக்குக் குழம்பத் தொடங்கியது. முன்பு அவர் ஓடும்போது வளைவு, மரம், கோயில், கடை என்று கண்தான் அவருக்குக் கணக்கு வைத்திருந்தது. இப்போது வண்டி போகிறது, குலுங்குகிறது, அவ்வளவுதான். எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதே பிடிபடவில்லை.

"இப்ப எங்க நிக்கிறம்?"

"எனக்கென்ன தெரியும். மரம் நிக்குது. வயல் கிடக்குது."

"என்ன மரம்?"

"பெரிய மரம்."

"கமலா, வன்னியில பெரிய மரம் இல்லாத இடம் எது?"

"அப்ப ஏன் என்னைக் கேக்கிறியள்?"

இதற்கு நடுவில் அவருடைய கால் வேறு. எதிரே ஹோர்ன் சத்தம் கேட்டால், வண்டி கொஞ்சம் சாய்ந்தால், அவருடைய வலது கால் தன்பாட்டில் வண்டியின் அடித்தகட்டை ஊன்றி மிதிக்கும். அங்கே பிறேக் இல்லை. கமலாட்சிக்கு அது பெரிய கரைச்சல். "காலை எடுங்கோ! நீங்கள் மிதிக்க மிதிக்க எனக்குப் பயமாக் கிடக்கு," என்று கத்துவார். எடுப்பார். அடுத்த வளைவில் திரும்ப மிதிப்பார்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைக்குத் தண்ணீர் வார்த்து முடிந்துவிட்டது. வந்த சனம் மாமரத்துக்குக் கீழே நின்றுகொண்டிருந்தது. வீட்டுக்காரர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும் என்று வீரையா பிறகு சொல்லுவார். கதிரை இறக்கும் சத்தத்தைக் கேட்டபடி அவர் இடப்பக்கக் கதிரையிலேயே இருந்தார். இறங்கவில்லை.

ராஜினி வந்தது அதற்குப் பிறகு.

பார்வை இல்லாதவர்களுக்குப் போன் பழக்குகிற ஒரு சிறிய சங்கம் கிளிநொச்சியில் இருந்தது. ராஜினி அதில் வேலை செய்தார். முப்பது வயது இருக்கும். சின்ன வயதில், சண்டைக் காலத்தில் செல் குண்டு விழுந்து இரண்டு கண்ணும் போனவர். கிளினிக்கில் வீரையாவின் நம்பரை வாங்கி அவர் பல தடவை போன் எடுத்துப் பார்த்தார். வீரையா ஒவ்வொரு முறையும், "எனக்கு உது ஒண்டும் வேண்டாம் பிள்ளை, நான் வயசு போன ஆள்," என்று வைத்துவிடுவார். ஒரு நாள் முன்படலை திறக்கும் சத்தம் கேட்டது.

"வீரையா அண்ணையின்ட வீடு இதுதானே?"

குரலை வீரையா அறிந்துகொண்டார். "ஓம் பிள்ளை. ஆரோட வந்தனீங்கள்?"

"தனியத்தான். பஸ்ஸில வந்து இறங்கி நடந்து வந்தனான்."

"சந்தியில இருந்தோ? ஆர் வழி காட்டினது?"

"இவாதான்," என்று ராஜினி போனைத் தட்டினார். அதிலிருந்து ஒரு பெண் குரல் கணீரென்று ஏதோ சொன்னது. கமலாட்சி குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தார். ஒரு கையில் வெள்ளைத்தடி, தோளில் பை, கழுத்தில் தொங்கும் போன். வேறு ஒருவரும் இல்லை. கமலாட்சி தேத்தண்ணிக்கு அடுப்பை மூட்டினார்.

போன் வீட்டில் இருந்தது. மகள் கஜேந்தினி தைக்கிற ஆலையில் வேலைக்குப் போய் முதல் வாங்கிக் கொடுத்த பொருள் அது. வீரையா அதைக் கதைப்பதற்கு மட்டும்தான் பாவித்தார். ராஜினி அதில் பேசும் வசதியைப் போட்டுவிட்டார். அதன் பிறகு விரல் எங்கே படுகிறதோ அங்கே இருப்பதைப் போன் வாசித்துச் சொல்லும். ஒரு தரம் தொட்டால் சொல்லும், இரண்டு தரம் தட்டினால் திறக்கும். வீரையாவின் விரல்கள் பட்டாவின் கியர்ப்பிடிக்குப் பழகிய தடித்த விரல்கள். ஒன்றைத் தொடப்போனால் மூன்று கத்தும். கொஞ்ச நேரத்தில் அவருக்கு வேர்த்துவிட்டது.

"இது சரிவராது பிள்ளை. எனக்கு வழி தெரியும். வழி தெரிஞ்சவனுக்கு வழி சொல்லுற போன் எதுக்கு?"

ராஜினி கதிரையை அவருக்குக் கிட்ட இழுத்துப்போட்டார். அவருடைய விரலைப் பிடித்துத் திரையின் ஓரிடத்தில் வைத்து, இரண்டு தரம் தட்டச் சொன்னார். போன் சொன்னது, அவர்கள் இருக்கும் ஒழுங்கையின் பெயரை. பிறகு பக்கத்தில் இருந்த பள்ளிக்கூடத்தை, அது எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் என்று.

"இது வழி இல்லை அண்ணை. நீங்கள் நிக்கிற இடம். ஓடுற வாகனத்துக்கை இருந்து கேட்டாலும் சொல்லும்."

வீரையா போனைக் காதுக்குக் கிட்டக் கொண்டுபோனார். பிறகு தானாக இரண்டு தரம் தட்டினார். போன் திரும்பவும் அதே ஒழுங்கையின் பெயரைச் சொன்னது. திரும்பவும் தட்டினார். குசினி வாசலில் தேத்தண்ணியோடு நின்ற கமலாட்சி, "வீட்டிலதானே இருக்கிறியள், எத்தனை தரம் கேக்கிறது?" என்றார்.

ராஜினி பிறகும் சில தடவை வந்தார். ஆட்களிடம் அவர்கள் நிற்கும் இடத்தை அனுப்பச் சொல்லிக் கேட்பது, அதைத் திறந்து வழி போடுவது, சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும்படி வன்னி முழுக்க மேப்பை வீட்டிலிருந்தே இறக்கி வைத்துக்கொள்வது என்று ஒவ்வொன்றாகப் பழக்கினார். வீரையா பயறு விதைப்பு முடிவதற்குள் பழகிவிட்டார்.

அதற்குப் பிறகு பட்டாவுக்குள் நடந்தது இப்படித்தான் இருக்கும். வீரையாவின் ஒரு காதில் வயர் மாட்டியிருக்கும். போனுக்குள் இருக்கும் பெண், "நானூறு மீற்றரில் இடதுபுறம் திரும்பவும்," என்று புத்தகத் தமிழில் அவருக்கு மட்டும் சொல்வாள். ஊர்ப் பெயர்களை அவள் படுத்தும் பாடு வேறு. கிளிநொச்சி அவள் வாயில் கிலினோச்சி. முறிகண்டியை அவள் சொன்னால் அங்கே கோயில் கொண்ட பிள்ளையாருக்கே விளங்காது. வீரையா அதைக் கேட்டு, தன் பாஷையில் கமலாட்சிக்குச் சொல்வார்.

"இனி இடப்பக்கம் ஒரு வழி வரும். திருப்பம் ஒடுக்கம், கொஞ்சம் வெளியால எடுத்துத் திருப்பு. திரும்பின உடனை குழி கிடக்கும்."

"குழியையும் அவாதான் சொன்னவாவோ?"

"இல்லை. அது நான்."

போன் அவருக்கு இடத்தைச் சொன்னது. அந்த இடத்தில் என்ன இருக்கும் என்பது அவருடைய தலைக்குள் ஏற்கனவே கிடந்தது. இரண்டும் சேர்ந்ததும் றோட்டு அவருக்குத் திரும்பக் கிடைத்ததுபோல இருந்தது. அவர் கால் மிதிப்பதும் குறைந்துகொண்டு வந்தது. எங்கே வளைவு வரும் என்று முன்பே தெரிந்தால் காலுக்கு என்ன பயம்?

எல்லா நேரமும் சுமுகமாக ஓடியது என்றும் சொல்ல முடியாது. ஒரு நாள் போன் காட்டிய வழி வயல் வரம்பில் முடிந்தது. இன்னொரு நாள் வீரையா போனைத் திருத்தப்போய் இருவரும் இரணைமடுக் குளத்தின் தவறான கரையில் நின்றார்கள். அங்கே மீன் விற்றவரிடம் குளத்தில் பிடித்த ஜப்பான் மீன் வாங்கிக்கொண்டு, ஒருவருக்கொருவர் கதைக்காமல் வீட்டுக்கு வந்தார்கள்.

போன மாரியில் முல்லைத்தீவுப் பக்கம், நீராவிப்பிட்டியிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. பேசியவர் மீராசாகிபு. முள்ளியவளையில் துணிமணி விற்கும் பிடவைக் கடை வைத்திருப்பவர். தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது ஊரைவிட்டுப் புத்தளத்துக்குப் போய், வருசக்கணக்கில் அங்கே இருந்துவிட்டுத் திரும்பி வந்து வீடு கட்டிய குடும்பம். மகள் நஃப்லாவுக்குக் கலியாணம். அந்தப் பக்கத்தில் சொல்லி வைத்திருந்த பந்தல்காரர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டாராம்.

"நீங்கள் தூரம் எண்டு தெரியும். ஆனா மழை விடுறமாதிரித் தெரியேல்லை. பந்தல் இல்லாம ஒண்டும் செய்யேலாது," என்றார்.

"லொக்கேசனை அனுப்பி விடுங்கோ. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள நிப்பம்," என்றார் வீரையா.

காலையில் புறப்படும்போதே மழை. பொலித்தீன் விரிப்பால் மூடிக் கயிறு இழுத்துக் கட்டியிருந்தார்கள். இராமநாதபுரம் வழியாக ஏறி, தர்மபுரம், விசுவமடு என்று போகப் போக மழை பிடித்துக்கொண்டது. கமலாட்சிக்கு மழையில் ஓடிப் பழக்கம் குறைவு. வைப்பர் ஒருபக்கம்தான் ஒழுங்காகத் துடைத்தது. அவர் ஸ்ரியரிங்கோடு ஒட்டிக்கொண்டு முன்னால் குனிந்து இருந்தார். வீரையா மழையின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, "அவசரமில்லை, அவசரமில்லை," என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

புதுக்குடியிருப்புச் சந்தியில் ஒரு கடைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். போன் நேரே போகச் சொன்னது. முள்ளிவாய்க்கால், வட்டுவாகல் பாலம், முல்லைத்தீவு. கடை வாசலில் நின்றவர் கமலாட்சியைப் பார்த்து, "அக்கா, வட்டுவாகல் பக்கம் போகாதேங்கோ. பாலத்துக்கு மேலால தண்ணி. காலமை மறிச்சுப்போட்டாங்கள்," என்றார்.

"இனி என்ன செய்யிறது?" என்று கமலாட்சி கேட்டார்.

வீரையா விரலால் திரையைத் தடவி வேறு வழி தேடினார். "வலப்பக்கம் ஒட்டுசுட்டானுக்குப் போற றோட்டு. அங்க போய் இடப்பக்கம் திரும்பினா முள்ளியவளை. சுத்துத்தான், ஆனா போகலாம்."

வலப்பக்கம் திரும்பினார்கள். வீடுகள் குறைந்து காடு வந்தது. போனின் சிக்னல் போய்விட்டது. மேப் கிடந்தபடியால் அவள் பேசிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் புதிய வழியை விளங்கிக்கொள்ளாமல் கொஞ்சத் தூரத்துக்கு, "முடிந்தால் திரும்பிச் செல்லவும்," என்று சொல்லிக்கொண்டே வந்தாள். வீரையா பொறுத்துப் பார்த்துவிட்டு வாயை மூடச் செய்தார். பிறகு அடிக்கடி இரண்டு தரம் தட்டி, நிற்கும் இடத்தை மட்டும் கேட்டுக்கொண்டார்.

"கமலா, இனி மெல்லப் போ. முன்னுக்கு ஒரு பதிஞ்ச சப்பாத்துப் பாலம் இருக்கு. மழைக்கு மேலால தண்ணி பாயும்."

அவர் சொல்லி முடித்துக் கொஞ்ச நேரத்தில் கமலாட்சி வண்டியை நிறுத்திவிட்டார்.

"என்ன தெரியுது?"

"தண்ணி பாயுது. மண் நிறத் தண்ணி. எவ்வளவு ஆழம் எண்டு தெரியேல்லை."

"ரெண்டு கரையிலயும் வெள்ளைக் கட்டையள் இருக்கவேணும். தெரியுதோ?"

"தெரியுது. பாதிக்கு மேல தெரியுது."

"அப்பப் பயமில்லை. அடி கொங்கிறீற். முதல் கியரில போட்டு ஒரே பிடியாப் போ. நடுவில நிப்பாட்டாதை."

கமலாட்சி அசையவில்லை. வீரையா கொஞ்சம் பொறுத்துவிட்டு, "நான் எத்தனை தரம் இதால போயிருக்கிறன் தெரியுமோ," என்றார்.

"நீங்கள் போனது உங்களின்ட கண்ணோட. இப்ப ஓடுறது நான். ஒரு வாகனம் முன்னுக்குப் போகட்டும், பாத்திட்டுப் போறன்."

வீரையாவுக்குச் சுருக்கென்றது. கண்ணாடியை இறக்கித் தண்ணீர் பாயும் சத்தத்தைக் கேட்டார். அந்தச் சத்தம் அவர் நினைத்ததைவிடக் கொஞ்சம் பெரிதாகத்தான் இருந்தது. மனுசி நிறுத்தியது சரிதான் என்று அப்போது பட்டது. அதை வாய்விட்டுச் சொன்னார்.

"நிப்பம். நீ சொல்லுறதுதான் சரி."

அரை மணித்தியாலம் இருக்கும். மழை கொஞ்சம் வெளித்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பஸ் வந்து, நிதானமாகத் தண்ணீருக்குள் இறங்கி, ஏறியது. அதன் சில்லில் தண்ணீர் எவ்வளவு உயரத்துக்கு வந்தது என்பதைக் கமலாட்சி பார்த்து வைத்துக்கொண்டார். பிறகு முதல் கியரில் போட்டார். ஒரே பிடியாகப் போனார். அக்கரையில் ஏறியதும் பெரிதாக மூச்சு விட்டார். வீரையா கையை நீட்டித் தட்டுத்தடவி அவருடைய தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

முள்ளியவளையில் போன், "நீங்கள் சேருமிடத்தை அடைந்துவிட்டீர்கள்," என்றது.

"வந்திட்டம். பந்தல் போட இடம் எப்பிடி இருக்கு?" என்று வீரையா கேட்டார்.

கமலாட்சி நாலு பக்கமும் பார்த்தார். "கலியாண வீடு மாதிரித் தெரியேல்லையே. பூட்டின கடை ஒண்டு. பிடவைக் கடை."

மீராசாகிபு முதல்நாள் கடையில் நின்றுகொண்டு, தான் நின்ற இடத்தை ஆளைக் கொண்டு அனுப்புவித்திருந்தார். வீரையா அவருக்கு எடுத்தார். மற்றப் பக்கத்தில் ஒரே சத்தம். சட்டி பானை, பிள்ளைகள், யாரோ யாரையோ கூப்பிடுவது.

"அட அல்லாவே! அது கடை. வீடு நீராவிப்பிட்டியில எல்லோ. நீங்கள் நேரா வந்து, பள்ளிவாசலைக் கடந்து, றிஃபாத்தின்ட மதில் வரும், அதுக்குப் பிறகு முந்திப் புளியமரம் நிண்ட இடத்தில..."

"முந்தி நிண்ட மரத்தை நாங்கள் எப்பிடிப் பாக்கிறது? வீட்டில நிண்டுகொண்டு திரும்ப ஒருக்கா அனுப்புங்கோ."

"போன முறை மூத்த மருமகன்தான் அனுப்பினவர். எனக்கு அது தெரியாதே. அவர் இறைச்சி எடுக்கப் போயிட்டார்."

"நான் சொல்லுறன். என்ர பேரைத் திறந்து வைச்சிருக்கிறியளோ? கீழ, எழுதுற பெட்டிக்குப் பக்கத்தில ஒரு அடையாளம் இருக்கும். அதை அமத்துங்கோ. கொஞ்சப் பெட்டியள் வரும். அதில லொக்கேசன் எண்டதைத் தொடுங்கோ. இப்ப பச்சையா ஒண்டு வரும் எண்டு சொல்லுறவை, அதை."

அவர் ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசிப்பது கேட்டது. பிறகு, "போட்டுது, போட்டுது!" என்று மீராசாகிபு பிள்ளையைப் போலச் சத்தமிட்டார். வீரையாவின் போன் மணியடித்தது. அந்தத் திரையை வீரையா வாழ்நாளில் ஒருக்காலும் கண்டதில்லை. விரலாலும் காதாலும் மட்டும்தான் அது அவருக்குத் தெரியும்.

அவர்கள் வீட்டு வாசலுக்குப் போனபோது மீராசாகிபு குடையோடு றோட்டுக்கே வந்து நின்றார். முதலில் றைவர் பக்கத்தில் கமலாட்சியைக் கண்டு திகைத்தார். பிறகு மற்றப் பக்கத்துக் கதவால் வீரையா தடியை ஊன்றி இறங்குவதைக் கண்டு இன்னும் திகைத்தார்.

"நீங்களோ எனக்குப் போன் பழக்கினது?" என்றார்.

"ஓம்."

மீராசாகிபு அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பிறகு குடையை வீரையாவின் தலைக்கு மேலே பிடித்தபடி வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார். தான் நனைந்துகொண்டு வந்தார். சொந்தக்காரர் எல்லோரும் இறங்கி, மழை ஓய்ந்த இடைவெளியில் பந்தலைப் போட்டார்கள். மீராசாகிபுவின் மனைவி றம்லா கமலாட்சியைக் குசினிக்குள் இருத்தி, ஈரத்தலைக்குத் துவாய் கொடுத்து, இஞ்சி போட்ட தேத்தண்ணி கொடுத்தார். "எப்பிடி உங்களுக்கு ஓடத் துணிவு வந்தது?" என்று கேட்டார். கமலாட்சி தேத்தண்ணியை ஊதிக் குடித்தார். "வேற ஆர் ஓடுறது?" என்றார்.

கலியாணம் முடிந்து கதிரை எடுக்கப் போன அன்று வெயில் எறித்தது. ஏற்றி முடித்து, அவர்கள் கட்டித்தந்த புரியாணிப் பொதியையும் வாங்கி வைத்த பிறகு மீராசாகிபு வீரையாவிடம் கேட்டார்: "என்ர தம்பிக்கு வவுனியாவில ஒரு வைபவம் வருது. அவ்வளவு தூரம் வருவியளோ?"

வீரையா வாயைத் திறக்கமுன், "ஓடுறது நான். என்னைக் கேளுங்கோ," என்றார் கமலாட்சி. எல்லோரும் சிரித்தார்கள். மீராசாகிபு கமலாட்சியின் பக்கம் திரும்பி, முறையாக இன்னொரு தரம் கேட்டார். அவர் வருவதாகச் சொன்னார்.

வட்டுவாகலில் தண்ணீர் வற்றிப் பாலம் திறந்துவிடப்பட்டிருந்தது. அந்த வழியால் திரும்பினார்கள். கண் போன பிறகு வீரையா அந்தப் பக்கம் வருவது அன்றுதான் முதல் தடவை. பாலத்தில் ஏறியதும் உப்புக் காற்று அடித்தது. அவர் கண்ணாடியை முழுக்க இறக்கினார். பாலம் முடிந்து கொஞ்சத் தூரம் போனதும், காதுக்குள் அந்தப் பெண் ஊர்ப் பெயரைச் சொன்னாள். முறிகண்டியைச் சொல்வதைப்போல, விசுவமடுவைச் சொல்வதைப்போல, அதே குரலில் முள்ளிவாய்க்கால் என்றாள். அதை மட்டும் எப்படியோ சரியாகச் சொன்னாள்.

வீரையா அதைக் கமலாட்சிக்குச் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. இரண்டாயிரத்தொன்பதில், சண்டையின் கடைசி நாட்களில், ஐந்து வயதுக் கஜேந்தினியைத் தோளில் வைத்துக்கொண்டு, இந்த றோட்டால்தான் இருவரும் அந்தப் பாலத்துக்கு நடந்தார்கள். பிறகு லொறி ஓடின காலத்தில் வீரையா இந்தத் துண்டில் மட்டும் வேகத்தைக் கூட்டிவிடுவார். பக்கத்தில் பாராமல் நேரே பார்த்து ஓடுவார். கமலாட்சி இப்போது வேகத்தைக் கூட்டவில்லை. குறைத்தார். குறைத்துக்கொண்டு, ஒருவரும் கேளாமலே சொல்லத் தொடங்கினார்:

"வலப்பக்கம் புதுசா வீடுகள் வந்திருக்கு. ஒரு வீட்டுக்கு நீலப் பெயின்ற். வாசலில வலை காயுது. ஒரு பெட்டை சைக்கிள் பழகுறா, தாய் பின்னால பிடிச்சுக்கொண்டு ஓடுறா. இடப்பக்கம் தண்ணி நிக்குது, கொக்குகள் நிறைய."

"எவ்வளவு கொக்கு?"

"எண்ணேலாது. வெள்ளையாக் கிடக்கு."

வீரையா காதிலிருந்த வயரைக் கழற்றி மடியில் வைத்தார். "இன்னும் சொல்லு," என்றார்.

கமலாட்சி சொல்லிக்கொண்டு வந்தார். பனைகள், ஒரு பள்ளிக்கூடம், மதிலில் காயப்போட்டிருந்த சேலை, றோட்டைக் கடக்க நின்ற மாடுகள். மாடுகளுக்காக வண்டியை நிறுத்தவேண்டி வந்தது. அவை அவசரப்படவில்லை. இவர்களும் அவசரப்படவில்லை. புதுக்குடியிருப்பு வந்ததும் வீரையா, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவோம் என்றார். கமலாட்சி மரநிழல் பார்த்து வண்டியைக் கரையில் விட்டார்.